வேடனின் குறியும் நியூட்டனின் விதியும்

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வேடனைத் தெரிந்திருக்கும். மரக்கிளையில் ஒரு குரங்கு தொங்குகிறது. தொலைவில் நிற்கும் வேடன் அதை நேராகக் குறிவைத்துச் சுடுகிறான். குண்டு குழலை விட்டு வெளியேறும் அதே கணத்தில் குரங்கு கிளையை விட்டுவிட்டுக் கீழே விழத் தொடங்குகிறது. குண்டு குரங்கின் மேல் படுமா, படாதா?

படும் என்பதே விடை. புவியீர்ப்பு, குண்டையும் குரங்கையும் ஒரே முடுக்கத்தில்தான் கீழே இழுக்கிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டும் ஒரே அளவு கீழிறங்கி, ஓரிடத்தில் சந்தித்துவிடுகின்றன. விழும் பொருளை நேராகவே குறிவைக்க வேண்டும் என்பது இப்பாடத்தின் முடிவு.

இந்தப் பாடத்தை நான் நடத்திக்கொண்டிருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், எங்கள் தாத்தா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பறக்கிற கவுதாரியைப் பார்த்துச் சுட்டால் ஒருநாளும் விழாது, அது போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும் என்பார்" என்றார். வகுப்பு சிரித்தது. மணி அடித்த பிறகு அவர் வாசலில் நின்று இன்னொரு கேள்வியும் கேட்டார். "தாத்தா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து வெகுநாளாயிற்று. அவர் கற்று வைத்திருந்ததெல்லாம் இனி எதற்கும் உதவாதுதானே, சார்?"

முதல் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டேன். பாடநூல் சொல்வதும் சரி, தாத்தா சொன்னதும் சரி. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் தாத்தாவின் வித்தையை இயற்பியலின் கண்கொண்டு ஒரு முறை பார்த்துவிடுவோம்.

மலையும் வேட்டையும்

சின்னசேலம் ரயில் நிலையத்தில் நின்று வடக்கேயும் வடமேற்கேயும் பார்த்தால் நீலமாகத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கிடையே பரந்து கிடக்கிறது. மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். இவர்களுக்கும் கேரள நாட்டு மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை இம்மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன.

தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் வீசி, தட்டை அடித்துக் கிளியையும் பன்றியையும் விரட்டிய காட்சிகளைச் சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்களில் காணலாம். புலியோடும் பன்றியோடும் போரிட்டு இறந்த வீரர்களுக்கு நட்ட புலிகுத்திக் கற்களும் பன்றிகுத்திக் கற்களும் தமிழகத்தின் பல ஊர்களில் உள்ளன. விஜயதசமி நாளிலும் பொங்கலை ஒட்டியும் சாமியைக் குதிரை வாகனத்தில் ஏற்றி ஊரெல்லைக்கு அழைத்துச் செல்லும் பாரிவேட்டை இன்றும் பல கோயில்களில் நடக்கிறது. வேட்டை என்பது நம் நாட்டுப்புறத்தில் உணவு, பயிர்க்காவல், திருவிழா ஆகிய மூன்றோடும் பின்னிக் கிடந்த ஒன்று. கண்ணி, வலை, உண்டிவில், ஈட்டி ஆகியவற்றோடு பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான் நாட்டுத் துப்பாக்கி.

குழலுக்குள் நடப்பது என்ன?

நாட்டுத் துப்பாக்கி வாய்வழியாக நிரப்பப்படுவது. கருமருந்து, அதன்மேல் அடைப்பு, அதன்மேல் ரவை, மறுபடியும் அடைப்பு என்று கம்பியால் கெட்டித்து வைப்பார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை. அதன்மேல் கேப்பு. விசையை இழுத்தால் குதிரை என்று சொல்லப்படும் சுத்தியல் கேப்பின் மேல் விழும். தீபாவளியன்று சிறுவர்கள் சுடும் ரோல் கேப்பைப் போலவே இதுவும் அடிபட்டவுடன் பொறி கக்கும். அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கும்.

இந்தக் கேப்பின் வரலாறு வேட்டையோடு தொடர்புடையது. அதற்கு முன் இருந்த துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் உரசி, வெளியே கிண்ணத்தில் இருந்த மருந்து முதலில் பற்றும். பிறகே உள்ளே தீ போகும். அந்த முதல் ஒளியைக் கண்டதும் பறவைகள் விலகிப் பறந்துவிட்டன. இதைக் கண்டு சலிப்படைந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருள்களைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையை அவர் கண்டுபிடித்து 1807இல் காப்புரிமை பெற்றார். பின்வந்த எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அதுவே வழிகாட்டியது.

மருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு, ரவையை முன்னே தள்ளுகிறது. எவ்வளவு விசையோடு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரவையின் எடை 30 கிராம், குழலில் அது ஓடும் தூரம் 70 செ.மீ., வெளியேறும் வேகம் விநாடிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 1,60,000ஐ 1.4ஆல் வகுக்க, ஏறக்குறைய 1,14,000 வருகிறது. புவியீர்ப்பின் முடுக்கத்தைப் போல் இது பதினோராயிரம் மடங்குக்கும் மேல்! ரவையின் எடையால் பெருக்கினால் விசை சுமார் 3,400 நியூட்டன், அதாவது 350 கிலோகிராம் எடைக்குச் சமம்.

இந்த விசை, குழலின் உட்பரப்பான 2.7 சதுர செ.மீ. மேல் செயல்படுகிறது. அப்படியானால் அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு ஏறக்குறைய 130 கிலோகிராம். ஒரு லாரியின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏழெட்டுக் கிலோகிராம்தான். இதுகூடச் சராசரிதான். மருந்து பற்றிய முதல் நொடிப்பொழுதில் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு ஏறி இறங்குகிறது.

இங்கேதான் பல வீடுகளில் துயரம் விளைந்திருக்கிறது. குழலின் சுவரில் உண்டாகும் தகைவு, அழுத்தத்தையும் குழலின் ஆரத்தையும் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்த அளவுக்குச் சமம். தண்ணீர்க் குழாயாகப் பிறந்த இரும்பு, இத்தகைய அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. மருந்து சற்றுக் கூடினாலும், குழலின் வாயில் சேறோ துணியோ அடைத்திருந்தாலும், உள்ளே துருப்பிடித்துச் சுவர் மெலிந்திருந்தாலும் குழல் பிளந்துவிடும். பிளப்பது எங்கே? பெரும்பாலும் அடிப்பக்கத்தில், சுடுபவரின் இடக்கையும் கண்ணும் இருக்கும் இடத்தில். நம் மாணவரின் தாத்தாவுக்கு இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

கருமருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. வெள்ளையாக எழும் புகைமண்டலம் வாயு மட்டுமன்று, நுண்ணிய திடத்துகள்களின் கூட்டமும் ஆகும். குழலினுள் படியும் மிச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கிறது. துப்பாக்கியை வேட்டை முடிந்த அன்றே கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுவே காரணம்.

தோளில் விழும் உதை

ரவை முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். நியூட்டனின் மூன்றாம் விதி இது. 30 கிராம் ரவையின் உந்தம் 0.03 பெருக்கல் 400, அதாவது 12 அலகுகள். துப்பாக்கியின் எடை 3 கிலோகிராம் என்றால், அது விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

இரண்டின் உந்தமும் சமம் என்றால் ரவை கொல்லும்போது துப்பாக்கி ஏன் கொல்வதில்லை? ஆற்றலைக் கணக்கிட்டால் விளங்கும். ரவையின் இயக்க ஆற்றல் 2,400 ஜூல். துப்பாக்கியின் இயக்க ஆற்றல் வெறும் 24 ஜூல். எடை நூறு மடங்கு கூடியதால் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிவிட்டது. துப்பாக்கியைத் தோளோடு அழுத்திப் பிடித்தால் நம் உடலின் எடையும் அதோடு சேர்ந்துகொள்வதால் பின்வாங்கும் வேகம் மேலும் குறையும். தோளிலிருந்து விரலிடை விலக்கிப் பிடித்தவனுக்குத்தான் எலும்பு நோகும்.

'12 போர்' என்றால் என்ன?

உரிமம் பெற்ற துப்பாக்கிகளில் '12 போர்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இங்கே போர் என்பது சண்டையன்று, குழலின் உட்துளை. 12 என்பது அங்குலமும் அன்று, சென்டிமீட்டரும் அன்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழலே 12 போர்.

இதையும் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு என்பது 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே பருமன் 3.33 கன செ.மீ. கோளத்தின் பருமனுக்குரிய வாய்பாட்டில் இட்டால் விட்டம் 1.85 செ.மீ. என்று வருகிறது. எண் கூடக்கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும் வேடிக்கையும் இதனால்தான்.

ரவை எப்படி அவ்வளவு அழகான உருண்டையாகிறது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தை உயரத்தில் வைத்த சல்லடை வழியே ஊற்றினார். கீழே தண்ணீர்த் தொட்டி. விழும் துளியின் பரப்பு இழுவிசை அதைக் கோளமாக்குகிறது. ஒரே பருமனுக்கு மிகக் குறைந்த பரப்புடைய வடிவம் கோளம்தான் அல்லவா? தொட்டியை அடைவதற்குள் துளி இறுகிவிடும். மழைத்துளியை உருட்டும் அதே விதியே ரவையையும் உருட்டியது.

காற்று என்னும் தடை

பாடநூலில் எறிபொருள் பற்றிய கணக்குகளில் "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரி வரும். ரவையின் விஷயத்தில் அந்த வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். காற்றே இல்லையென்றால், விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் சுட்ட ரவை 16 கிலோமீட்டர் போய் விழ வேண்டும். சின்னசேலத்தில் சுட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் விழும்! உண்மையில் 2.6 மி.மீ. விட்டமுள்ள ரவை 200 மீட்டர் போனால் அதிகம்.

இத்தகைய ஒரு ரவையின் எடை 0.1 கிராம்தான். குழலை விட்டு வந்த கணத்தில் காற்று அதன்மேல் செலுத்தும் தடை, அதன் எடையைப் போல் ஏறக்குறைய 400 மடங்கு. ஆகவே 35, 40 மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிவிடுகிறது. வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால் பங்கு. அதற்கப்பால் ரவை பறவையைக் காயப்படுத்துமே தவிர வீழ்த்தாது. நல்ல வேட்டைக்காரர் தொலைவில் உள்ளதைச் சுடாமல் விடுவார். அடிபட்டுப் புதரில் போய்ச் செத்த உயிர், சுட்டவருக்கும் உதவாமல் அழுகும். அதைக் கேவலமாகவே பழைய வேட்டைக்காரர்கள் எண்ணினார்கள்.

ரவை பெரியதானால் என்ன ஆகும்? தடை, குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதாவது விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். எடையோ விட்டத்தின் கனத்துக்கு நேர்விகிதம். விட்டம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஆகையால் பெரிய ரவை அதிகத் தொலைவு ஓடும். எளிதில் நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. ஈய ரவையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி 80ஆல் பெருக்கினால், அது போகக்கூடிய உச்சத் தொலைவு மீட்டரில் ஏறக்குறையக் கிடைக்கும். பன்றிக்கென்று இடும் 8 மி.மீ. குண்டு 600 மீட்டருக்கு மேல் போகும். சோளக்கொல்லையின் மறுபக்கத்தில் ஆடு மேய்ப்பவர், அதற்கப்பால் சாலை, சாலையில் பேருந்து. சுடுபவரின் கண்ணுக்கு எட்டுவது 40 மீட்டரிலுள்ள பன்றி மட்டுமே. குண்டுக்கு எட்டும் தொலைவோ அதைப்போல் பதினைந்து மடங்கு.

போகும் இடத்தைச் சுடு

இப்போது தாத்தாவின் வித்தைக்கு வருவோம். 35 மீட்டர் தொலைவில் ஒரு பறவை நமக்குக் குறுக்கே விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 54 கிலோமீட்டர்) பறக்கிறது. வேகம் குறைந்துகொண்டே செல்லும் ரவை அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 0.13 விநாடி ஆகும். அதற்குள் பறவை 15 பெருக்கல் 0.13, அதாவது சுமார் 2 மீட்டர் முன்னே போயிருக்கும். பறவையையே குறிவைத்தவரின் ரவை அதன் வாலுக்குப் பின்னே வெறும் ஆகாயத்தைத் துளைக்கும். அந்த 0.13 விநாடியில் புவியீர்ப்பால் ரவை கீழிறங்குவது எவ்வளவு? 8 செ.மீ. மட்டுமே. குரங்கின் கதையில் அதுவே முழுக் கணக்கும். கவுதாரியின் கதையில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டும் சரி என்று நான் சொன்னதன் பொருள் இப்போது விளங்கியிருக்கும்.

இதோடு கணக்கு முடியவில்லை. சுட வேண்டும் என்று மூளை முடிவெடுத்து, விரல் இழுத்து, குதிரை விழுந்து, மருந்து பற்றுவதற்குள் இன்னும் 0.2 விநாடி போய்விடலாம். அதற்குள் பறவை மேலும் 3 மீட்டர் போய்விடும். இதைச் சரிக்கட்டத் தேர்ந்தவர்கள் துப்பாக்கியை நிறுத்திச் சுடுவதில்லை. பறவைக்குப் பின்னிருந்து தொடங்கி, அதன் பாதையிலேயே குழலை ஓட்டி, பறவையைக் கடந்து போகும் ஓட்டத்திலேயே விசையை இழுப்பார்கள். குழல் ஓடிக்கொண்டே இருப்பதால், அந்த 0.2 விநாடித் தாமதத்தில் குறியும் பறவையோடு சேர்ந்தே நகர்ந்துவிடுகிறது. இதை யாரும் தாளில் எழுதிக் கணக்கிட்டதில்லை. கண்ணும் தோளும் பல ஆண்டுப் பழக்கத்தில் தாமே கற்றுக்கொண்ட கணக்கு.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரவை புறப்படும்போது ஒலியைவிட வேகமாகப் புறப்படுகிறது. ஆனால் வழியில் தளர்ந்துவிடுவதால் 35 மீட்டரில் ஒலியே முந்திக்கொள்கிறது. ஒலிக்கு 0.10 விநாடி, ரவைக்கு 0.13 விநாடி. வெடிச்சத்தம் காதில் விழுந்து 0.03 விநாடி கழித்தே ரவை வருகிறது என்றாலும், அந்த இடைவெளியில் பறவையால் திசைமாற முடியாது.

காற்றும் சுவடும்

வேட்டையில் சுடுவது கடைசி வேலை. அதற்கு முந்திய வேலைகளில்தான் அறிவு அதிகம் தேவை. விலங்கின் மூக்குக்கு நம் வாடை எட்டக் கூடாது. கைப்பிடி மண்ணையோ சாம்பலையோ தூவிக் காற்றின் திசை பார்ப்பார்கள். மலையில் காற்றுக்கு ஒரு நியதி உண்டு. பகலில் வெயில் பட்டுச் சூடான சரிவை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். பொழுது சாய்ந்தபின் சரிவு குளிர, கனத்த குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே காலை வெயில் ஏறியபின் மேலிருந்தும், மாலை இருட்டியபின் கீழிருந்தும் விலங்கை அணுகினால் வாடை அதற்கு எட்டாது. வானிலை நூல் படிக்காதவர்கள் கண்டறிந்த வானிலை உண்மை இது.

சுவடு பார்ப்பதற்கும் நேரமுண்டு. உச்சி வெயிலில் காலடித் தடம் கண்ணுக்குப் படாது. அதிகாலையில் சாய்ந்து வரும் ஒளியில், விரலளவு பள்ளமும் நீண்ட நிழல் விழுத்தும். சூரியனை எதிர்நோக்கி நடந்தால் தடத்தின் நிழல் நம்மை நோக்கி விழும். நிலவின் குழிகளை வானியலார் நிழல் நீளும் எல்லைக்கோட்டருகே ஆராய்வதும் இதே காரணத்தால்தான்.

நரிக்குறவர்கள் கவுதாரியைப் போலக் குரல் கொடுத்து அதை வரவழைப்பதும், முயலின் தடத்தைப் பார்த்து அது எந்நேரத்தில் போனது என்று சொல்வதும் இத்தகைய உற்றுநோக்கலின் பயனே.

இருட்டில் மின்னும் கண்

இரவில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். வெளிச்சம் பட்டதும் புதரில் இரண்டு கண்கள் தணல்போல் மின்னும். மான், மாடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. கண்ணின் வில்லையால் குவிக்கப்பட்ட ஒளி இப்படலத்தில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் அந்த ஒளி நம் கண்ணை அடையும். விளக்கைத் தலையில் கட்டுவதன் காரணம் இதுவே. சாலையோரப் பிரதிபலிப்பான்கள் காரோட்டிக்கு மட்டும் பளிச்சிடுவதும் இம்முறையில்தான்.

இங்கே மறக்கக்கூடாத ஓர் உண்மை இருக்கிறது. பன்றியின் கண்ணில் இந்தப் படலம் இல்லை. மனிதனின் கண்ணிலும் இல்லை. கொல்லையில் ஏதோ அசைகிறது, விளக்கடித்தால் கண் மின்னவில்லை, ஆகவே பன்றிதான் என்று முடிவு செய்து விசையை இழுத்தால் என்ன ஆகும்? அங்கே குனிந்து நிற்பது தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதராக இருக்கலாம், கூட வந்த தம்பியாக இருக்கலாம். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. சுட்டவர்கள் கொலைகாரர்கள் அல்லர். ஒளியியல் தங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எண்ணிக்கொண்டவர்கள்.

ஈயம் செய்யும் தீங்கு

ரவை இலக்கில் பட்டதோடு அதன் வேலை முடிவதில்லை. எலும்பில் மோதிய ஈயம் கண்ணுக்குத் தெரியாத சிறு துணுக்குகளாகச் சிதறி இறைச்சியில் தங்கிவிடும். ஈயம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தடுக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இலக்கில் படாத ரவைகளும் சும்மா கிடப்பதில்லை. வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். ஏரியில் விழுந்த ரவையையும் கல்லென்று விழுங்கி, அது வயிற்றில் அரைபட்டு நஞ்சேறி மடிகின்றன. அமெரிக்க நாட்டில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுதும் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023இல் அத்தகைய தடை வந்தது. மாற்றாக எஃகு ரவையைப் பயன்படுத்துகிறார்கள். எஃகின் அடர்த்தி 7.8 மட்டுமே என்பதால் அதே அளவுள்ள எஃகு ரவை விரைவில் தளர்ந்துவிடுகிறது. முன் சொன்ன கணக்கின்படி ஏன் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வாய்வழி நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியானாலும் உரிமம் வேண்டும். பயிரைக் காப்பதற்கென்று உரிமம் வழங்க அச்சட்டத்திலேயே இடமுண்டு. உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். குடகு மக்களுக்கு மட்டும் அவர்கள் மரபைக் கருதி உரிம விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. கைல்போத் என்னும் திருவிழாவில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள்.

துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை உரிமை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991இல் செய்த திருத்தம் அந்த உரிமங்களை ஒழித்துவிட்டது. முயலும் கவுதாரியும் காட்டுக்கோழியும் இன்று சட்டத்தின் காப்பில் உள்ளவை.

அப்படியானால் ஒரே இரவில் மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப்போட்ட பன்றிக்கு உழவர் என்ன செய்வது? இது விளையாட்டுக் கேள்வியன்று. ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போகிறது. காப்புக்காடு ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டருக்கப்பால் வனத்துறையினரே சுடலாம் என்று 2025இல் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. உழவர்கள் தாமே சுடவோ, வேலியில் மின்சாரம் பாய்ச்சவோ அதில் இடமில்லை. மின்வேலி பன்றிக்கும் மனிதருக்கும் வேற்றுமை பாராட்டுவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தாத்தாவின் வித்தை

மாணவரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தாத்தா கற்றது வீணா?

மும்பையில் ஒரு சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்க மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே திறந்த கதவு அவனைப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி ஆக்கியது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், பின்னாளில் துப்பாக்கியைவிடப் படக்கருவியையே விரும்பி எடுத்துச் சென்றார். இருவருக்கும் கைகொடுத்தது, வேட்டைக்காரனிடம் இருந்த அதே கூர்மையான கவனிப்பு.

காற்றின் திசையும், சுவட்டின் வயதும், கவுதாரியின் குரலும், எந்த அத்தி பழுத்தால் எந்தப் பறவை வரும் என்பதும் துப்பாக்கியோடு ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் அல்ல. அவை இன்னும் தாத்தாவிடமே இருக்கின்றன. பறவைகளைக் கணக்கெடுப்பவர்களுக்கும், கொல்லைக்குப் பன்றி எவ்வழியாக வருகிறது என்று கண்டு தடுப்பவர்களுக்கும் அவை வேண்டும். எழுதி வைக்காவிட்டால்தான் அவரோடு போய்விடும்.

அந்த மாணவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த விடுமுறைக்கு மலைக்குப் போனபோது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அதில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முதல் பக்கத்தில் கவுதாரிக் கூடுகள் இருக்கும் இடங்களைக் குறித்திருந்தார். "கூடு இருக்கும் பக்கம் ஆடு ஓட்ட வேண்டாம் என்று தாத்தா சொன்னார், சார். அதையும் எழுதிவிட்டேன்" என்றார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார். இந்த விடுமுறையில் அவரைப் போய்ப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் போதும்.